இல்லாத வயலுக்கு வேலி

சார், ஒருவனுடைய பிழைப்பைக் கெடுத்தது நீங்கள்தான். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. போன மாதம் மாலையும் சால்வையுமாக ஓய்வு பெற்றுப் போன எங்கள் அலுவலகப் பெரிய அதிகாரியான உங்களைத்தான் சொல்கிறேன்.

பிழைப்புக் கெட்டவன் பெயர் நிரூபி. அது நாங்கள் பி.எஸ்சி. கணக்கு வகுப்பில் வைத்த பெயர். புதுச்சேரியில் அவனைப்போல் தொல்லை பிடித்தவன் முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கப் போவதில்லை. யார் எதைச் சொன்னாலும் "நிரூபி" என்பான்.

கல்லூரி எதிரே டீக்கடை வைத்திருந்த பாய் ஒருநாள், "தம்பி, இந்த ஊர்லயே நம்ம டீதான் ஃபஸ்ட்டு" என்றார்.

"எல்லா கடையிலயும் குடிச்சிப் பாத்தீங்களா பாய்?"

"நான் ஏம்பா அங்கல்லாம் போறேன்?"

"அப்ப எப்டி சொல்றீங்க?"

பாய் பாதி டீயோடு கிளாசைப் பிடுங்கிக்கொண்டார்.

இன்னொரு நாள் பொழுது சாயும் நேரம். விளக்கில்லாத சைக்கிளில் இருவரும் வந்தோம். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் மறித்தார். "லைட்டு எங்கடா?"

"இன்னும் இருட்டலயே சார். எந்த நிமிஷத்துலேர்ந்து இருட்டுன்னு சொல்லுவீங்க?" என்றான் நிரூபி.

அவர் லத்தியைத் தூக்கினார். "இந்த நிமிஷத்துலேர்ந்து."

இரண்டு டயர் காற்றையும் பிடுங்கிவிட்டார். அவன் குப்பமான பிள்ளைச்சாவடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம், "அவரு சொன்னது வரையறை இல்லடா, மிரட்டல்" என்று புலம்பிக்கொண்டு வந்தான்.

அவன் அப்பா அங்கே அடுத்தவர் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. கணக்கு படித்தால் வேலை வீடு தேடி வரும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். வந்ததா? வங்கியில் காமர்ஸ் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பி.எட். கேட்டார்கள். ஆலையில் சிபாரிசு கேட்டார்கள். நாங்கள் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட நுண்கணிதத்தை ஒரு நாயும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் சும்மா இருந்தோம். நிரூபியின் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள், "மொதல்ல அண்ணங்காரனுக்கு ஒரு வேலை ஆவட்டும்" என்று எழுந்து போனார்கள். அவன் அம்மா என்னிடம், "ஏம்பா, இவ்ளோ படிச்சிட்டு இப்டிக் குந்திக்கினு இருக்கானே, நீயாவது சொல்லு" என்று அழுதார்.

அப்போதுதான் உங்கள் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குத் தேர்வு வைத்தீர்கள். வாசலில் அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "டேய், இன்னிக்கி ஒருநாள் எதையும் கேக்காம எழுதிட்டு வாடா." சரி என்று தலையாட்டினான்.

முதல் கேள்வியே இதுதான். ஒரு முக்கோண வயலின் பக்கங்கள் 5, 7, 13 மீட்டர். சுற்றிலும் ஒரு வரிசை வேலிக்கு எத்தனை மீட்டர் கம்பி தேவை?

நான் கூட்டினேன், 25 என்று எழுதினேன், அடுத்ததற்குப் போனேன். மணி அடித்து வெளியே வந்தால் நிரூபி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

"மொதக் கேள்விக்கு என்னா எழுதுன?"

"இருவத்தஞ்சு."

"அஞ்சும் ஏழும் பன்னெண்டுதானடா? பதிமூணுக்கு எட்டாது. மூணு பக்கமும் சேராது. இல்லாத வயலுக்கு எங்கடா வேலி போட்ட?"

"நீ என்னா எழுதுன?"

"அப்டி ஒரு வயலே கெடையாதுன்னு மூணு விதமா நிரூபிச்சிருக்கேன்."

"மீதிக் கேள்வி?"

"மொதக் கேள்வியே தப்பா இருக்கும்போது மீதிய எப்டிடா நம்பறது?"

எனக்கு வேலை கிடைத்தது. அவனுக்குச் சைபர்.

அவன் கேள்வி தவறு என்று மனுப் போட்டான். அந்த மனு யார் கைக்கு வந்தது தெரியுமா? தபால் பிரிவில் புதிதாகச் சேர்ந்த என் கைக்கு. முத்திரை குத்தி உங்கள் மேசையில் வைத்தேன். "கோப்பில் வைக்கவும்" என்று எழுதினீர்கள். ஆறு மனு வந்தது. ஆறிலும் அதையே எழுதினீர்கள். கடைசி மனுவின்போது துணிந்து கேட்டேன். "சார், கேள்வி தப்புதான சார்?"

நீங்கள் கண்ணாடிக்கு மேலே பார்த்தீர்கள். "தப்புன்னா, நீ எப்டிப்பா உள்ள வந்த?"

வாயை மூடிக்கொண்டேன். அந்த அசிங்கத்தை இந்தப் பத்திரிகையில் எழுதிவிட்டேன். வேலை போனால் போகட்டும். இப்போது உங்கள் முறை.

நிரூபி இன்று பிள்ளைச்சாவடிக் கரையில் ஐஸ் உடைத்து மீன் கூடையில் போடுகிறான். அவனைப் பார்த்து மூன்று வருஷமாகிறது. அவனோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டால் தேவலை என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் வெறுங்கையோடு போய் அவன் முன்னால் நிற்க எனக்கு முகமில்லை. அதனால் கேட்கிறேன் சார்: அந்த வயல் எங்கே இருக்கிறது? இல்லையென்றால் அவன் எழுதியதுதான் சரி என்று ஒரு வரி. இதே பத்திரிகையில், அடுத்த வாரமே, உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.