குரைக்காத நாய் தேவை

ஜோர்ஜ் ராசாவுக்கு லண்டனில் முடிசூட்டிய வருசம், கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டின் ராச்சியம் ஆட்டம் கண்டது. காரணம் ஒரு சேலை. பின்வளவுக் கொடியில் காயப்போட்ட சேலையை எவனோ கொண்டுபோய்விட்டான்.

"இஞ்சருங்கோ," என்றாள் அவர் மனுசி அருள்நாயகி, இடியப்பத்துக்குச் சொதி விட்டபடி. "பின்கேற்றில ஒரு நாய் கட்டவேணும்."

"நாயோ?"

"ஓம். நல்லாக் குரைக்கிற நாய். கேற் அசைஞ்சால் குரைக்கவேணும். ஆர் வந்தாலும் குரைக்கவேணும்."

"ஆர் வந்தாலுமோ?"

"ஆர் வந்தாலும்."

ஹியூபேட்டுக்கு இடியப்பம் தொண்டையில் நின்றுவிட்டது. இடியப்பம் நிற்கிற சாமானா? நின்றது.

அவர் கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கர். கிழமை நாட்களில் அவர் துரைக்குச் சொந்தம். விடியலும் அந்தியும் அருள்நாயகிக்குச் சொந்தம். ஞாயிறு காலை பூசை, அது கடவுளுக்கு. இவ்வளவு பேரும் பங்கு போட்டது போக அவருக்கென்று மிஞ்சியது ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணித்தியாலம். "கொஞ்சம் சரியப்போறன், ஒருத்தரும் எழுப்பக்கூடாது" என்று சொல்லிப் பின்னறைக் கதவைச் சாத்துவார். சாத்திய கையோடு ஜன்னலால் இறங்கி, பின்கேற்றைத் திறந்து, ஒழுங்கையால் நடந்து, தையல்காரர் மக்கீனின் கடைப் பின்பக்கத்தில் போய் ஏறுவார். அங்கே நாலு பேராய் முந்நூற்றிநாலு. கடதாசிச் சீட்டு விளையாட்டுத்தான், ஆனால் காசுக்கு அல்ல. தோற்ற சோடி இஞ்சிப் பியர் வாங்கவேண்டும், அவ்வளவே.

அதற்கு ஏன் ஜன்னல் என்று கேட்பீர்கள். முந்திய வருசத் தவசு காலத்தில், இனிக் கடதாசியைக் கையாலும் தொடுவதில்லை என்று கொச்சிக்கடை அந்தோனியாருக்கு முன்னால் ஹியூபேட் சத்தியம் பண்ணியிருந்தார். சத்தியம் கேட்டது அந்தோனியார் இல்லை, அருள்நாயகி. ஆகவே அந்தோனியாரிடம் அவருக்குப் பெரிய பயமில்லை. அவர் நல்ல மனுசன், தொலைந்த சாமானைத் தேடிக் கொடுப்பதிலேயே அவருக்கு நேரம் போய்விடும். மற்ற ஆளிடம்தான் பயம். பிடிபட்டால் அந்த மூன்று மணித்தியாலமும் போய்விடும். அதை நினைத்துத்தான் மற்ற நாளெல்லாம் துரையின் ஏச்சையும் புடலங்காய்க் கறியையும் அவர் தாங்கி வந்தார்.

மக்கீனிடம் போய் அழுதார்.

"நாய் வந்தா நீங்க எப்பிடி வாறது, தொர?" என்றார் மக்கீன், வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு. "நாலாவது ஆள் இல்லாட்டி எங்கட ஆட்டம் மவுத்தாப் போயிரும்."

"நாய் வேண்டாமெண்டு சொல்ல ஏலாது. ஏனெண்டு கேப்பாள்."

"அப்ப வேணுமெண்டு சொல்லுங்க. ஆனா எந்த நாயும் புடிக்கலன்னு சொல்லுங்க."

இதல்லவோ மூளை! ஹியூபேட் அன்றைக்கே ஒரு தீர்மானம் எடுத்தார். வீட்டுக்கு நாய் தெரிந்தெடுப்பது ஆம்பிளையின் பொறுப்பு. தலை போனாலும் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை.

முதல் நாய் களனியிலிருந்து வந்தது. அருள்நாயகியின் சொந்தக்காரர் ஒருவர் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார். ட்ராம் மணியைக் கேட்டுக் குரைத்தது. மீன்காரனைப் பார்த்துக் குரைத்தது. காகத்தைப் பார்த்துக் குரைத்தது. பார்க்க ஒன்றும் இல்லாதபோது தன் வாலைப் பார்த்துக் குரைத்தது. அருள்நாயகிக்கு முகமெல்லாம் பல்லு.

"இதுதான்! இதுதான் நாய்!"

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து வீடு சந்திக்க வந்த சுவாமியாரின் அங்கியை அது எட்டிப் பிடித்தது.

"சுவாமியைப் பார்த்துக் குரைக்கிற நாயைக் கத்தோலிக்க வீட்டில வைக்கலாமோ?" என்று ஹியூபேட் நெஞ்சில் சிலுவை போட்டார். "புறச்சமய நாய்!"

நாய் வந்த கயிற்றோடு களனிக்குத் திரும்பிப் போனது.

இரண்டாவது, சீமைக்குத் திரும்பிப் போகும் ஒரு துரையின் நாய். வெள்ளை உடம்பு, கபில நிறக் காது, கையளவு உருவம். அதன் குரல் மட்டும் துறைமுகம் வரைக்கும் போகும். இனாம்தான், வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று துரையின் குசினிக் கோக்கி சொல்லியனுப்பியிருந்தான். ஹியூபேட் அருள்நாயகியோடு போய் அதைப் பக்கத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் பார்த்தார்.

"சரிவராது. இது வெள்ளைக்காரனைக் கண்டால் வாலாட்டும். எங்கட ஆட்களைக் கண்டால் குரைக்கும்."

"நீங்களும் அப்பிடித்தானே," என்றாள் அருள்நாயகி. "உங்களை நான் வீட்டில வைச்சிருக்கேல்லையோ?"

ஹியூபேட் தொப்பியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஆனால் அவருக்கு ஒன்று விளங்கியது. இப்படித் தட்டிக்கொண்டே போனால் அருள்நாயகி தானே ஒரு நாயைப் பிடித்து வந்துவிடுவாள். அதற்கு முந்தி அவர் ஒன்றைக் கொண்டுவரவேண்டும். கண், காது, நாலு கால், வால் எல்லாம் இருக்கவேண்டும். சத்தம் மட்டும் இருக்கக்கூடாது.

மறுநாள் கந்தோர் முடிந்ததும் கோட்டையிலிருந்து கொம்பனித்தெருவுக்கு நடந்தார். அங்கே பென்சன் எடுத்த றெயில்வே கார்ட் யேசுரட்ணம் என்பவர் நாய் வளர்த்து விற்கிறார் என்று கேள்வி. ஆள் வாசலிலேயே நின்றார்.

"வாங்கோ ஐயா! குரல் எண்டால் எங்கட நாயளின்ர குரல்தான். இது குரைச்சால் மருதானை ஸ்டேசனில றெயில் நிக்கும்!"

"வேற?"

"இது இன்னும் திறம். போன கிழமை இது குரைச்சுப் பக்கத்து வீட்டுக் கண்ணாடி வெடிச்சுப் போச்சுது."

"வேற?"

யேசுரட்ணம் ஒவ்வொரு நாயாகப் புகழ்ந்தார். புகழப் புகழ ஹியூபேட்டின் முகம் வாடியது. கடைசியில் மூலையில் சாக்கு மாதிரிக் கிடந்த ஒரு மண்ணிற உருவத்தை அவர் கண்டார்.

"உது?"

"உதை விடுங்கோ ஐயா." யேசுரட்ணத்தின் குரல் இறங்கிவிட்டது. "வீட்டு மானத்தை வாங்கிற சாமான். பிறந்ததிலிருந்து ஒருக்காலும் குரைக்கேல்லை. வைத்தியரிட்டையும் காட்டினனான். தொண்டை நல்லாத்தான் இருக்காம். மனம் இல்லையாம்."

ஹியூபேட் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உண்மையாகவோ? சத்தியமாகக் குரைக்காதோ?"

"என்ர பென்சன் மேல சத்தியம்."

வெறும் சத்தியத்தை நம்புகிற ஆளா ஹியூபேட்? சத்தியம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? கோட்டைக் கழற்றினார். லேஞ்சியால் முகத்தைக் கட்டினார். பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் போய் மதிலேறி, நாயின் தலைமாட்டில் குதித்தார். களிசானின் பின்பக்கம் கிழிந்தது. நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தது.

ஹியூபேட்டின் கண் கலங்கிவிட்டது. "இதைத் தாங்கோ!"

யேசுரட்ணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குறை நினையாதையுங்கோ ஐயா. குரைக்காத நாயைத் தேடி வாறது கள்ளன் மட்டும்தான். நீங்கள் என்ன தொழில்?"

"கிளாக்கர்."

"சரி, ரெண்டும் ஒண்டுதான். கொண்டுபோங்கோ, காசு வேண்டாம்."

வீட்டுக்கு வந்த நாயை அருள்நாயகி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"குரைக்குமோ?"

"நல்ல வம்சம். அடக்கமான பிறவி."

"நான் கேட்டது அதில்லை. குரைக்குமோ?"

"இஞ்சாரும், குரைக்கிற நாய் கடிக்காது எண்டு கேள்விப்படேல்லையோ? இது கடிக்கிற சாதி."

"கடிக்கிற நாய் ஆர் கேட்டது? நான் குரைக்கிற நாயெல்லோ கேட்டனான்!"

"கள்ளனைக் கடிச்சால் காணாதோ?"

அருள்நாயகி ஒரு பெருமூச்சு விட்டாள். வழக்கத்துக்கு மாறாக அதோடு விட்டுவிட்டாள். நாயை மட்டும் இரண்டு நாள் கவனித்தாள். மூன்று நேரமும் சாப்பிட்டது. மிச்ச நேரம் பின்கேற்றடியில் நீட்டிப் படுத்து, போகிறவர்களையும் வருகிறவர்களையும் ஒரு பெரிய மனுசப் பார்வை பார்த்தது. வேறு ஒரு வேலையும் இல்லை. மூன்றாம் நாள் அதற்கு "கவர்னர்" என்று பெயர் வைத்தாள்.

"மெல்லக் கதையும்!" என்று ஹியூபேட் பதறினார். "நான் துரையின்ர சோறு சாப்பிடுறவன்!"

"அதுவும்தான் சாப்பிடுது. கவர்னர், வா."

கவர்னர் வந்தது. அருள்நாயகி மீன் தலை வைத்தாள். என்ன இருந்தாலும் அதில் அவளுக்கு ஒரு வாரப்பாடு விழுந்துவிட்டது.

ஹியூபேட்டுக்கு இந்தத் தேசத்தில் தன்னைப்போல ஒரு கெட்டிக்காரன் இல்லை என்ற நினைப்பு. முதல் ஞாயிறு ஜன்னலால் இறங்கினார். கவர்னர் வாலை ஆட்டியது, சத்தமில்லை. திரும்பி வந்தார், வாலை ஆட்டியது, சத்தமில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. "பாவம் அருள்நாயகி, சூதுவாது தெரியாதவள்" என்று மக்கீனிடம் சொல்லி ஒரு இஞ்சிப் பியர் கூடக் குடித்தார்.

மூன்றாவது ஞாயிறு ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் மக்கீனின் மாமியார் மாளிகாவத்தையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். மக்கீன் கடதாசிக் கட்டை வெட்டிய துணிக்குள் சுருட்டிவிட்டு, ஊருக்கு நல்ல மருமகனாக வாசலுக்கு ஓடினார். ஆட்டம் குலைந்தது. ஹியூபேட் ஒரு மணித்தியாலம் முந்தி வீட்டுக்கு வந்தார். கேற்றைத் திறந்தார். கவர்னர் வாலை ஆட்டியது. ஜன்னலால் ஏறி, கட்டிலில் இருந்து மூச்சு வாங்கினார்.

அப்போதுதான் சாத்தியிருந்த கதவுக்கு அந்தப் பக்கம் மேசையில் ஒரு அடி விழுந்தது. அந்த அடி அவருக்கு நல்ல பழக்கம். உலகத்தில் ஒரேயொரு காரியத்துக்குத்தான் அப்படி அடிப்பார்கள்.

"துரும்பு!" என்றது அருள்நாயகியின் குரல்.

கதவுத் திறப்பு ஓட்டையில் கண்ணை வைத்தார். சாப்பாட்டு மேசையில் அருள்நாயகி. எதிரே அவள் தங்கை நேசம். இரண்டு பக்கமும் அயல்வீட்டு றோஸியும் மாடிவீட்டுப் பத்மாவதியும். நாலு பேர் கையிலும் கடதாசி. அதுவும் எந்தக் கட்டு? தவசு காலத்தில் "சாத்தானின்ர செபப்புத்தகம்" என்று பறித்தெடுத்து, அடுப்பில் எரித்துவிட்டதாக அவள் சொன்ன அவருடைய சொந்தக் கட்டு!

ஹியூபேட்டுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இனி ஜன்னல் எதற்கு? சத்தியம் எதற்கு? முன்வாசலால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகலாம்! தலைமயிரைக் கலைத்தார், கண்ணைக் கசக்கினார், கதவைப் படாரென்று திறந்தார்.

"என்ன சத்தம் இஞ்ச? மனுசர் நித்திரை கொள்ளுறேல்லையோ? ஆ! கடதாசியோ! என்ர வீட்டிலயோ!"

றோஸி எழும்பப் பார்த்தாள். அருள்நாயகி கையமர்த்தினாள். கையிலிருந்த கடதாசியைக் கவிழ்க்கக்கூட இல்லை.

"நித்திரையோ கொண்டனீங்கள்?"

"வேற என்ன? சாப்பிட்ட நேரத்திலிருந்து!"

"நாங்கள் போன வருசத்திலிருந்து ஒரு ஞாயிறும் தவறாமல் இந்த மேசையிலதான் விளையாடுறம். நேசம் அடிக்கிற அடியில சுவரில பல்லி விழும். கதவுக்கு அங்கால படுத்த மனுசனுக்கு இண்டைக்குத்தானோ காது திறந்தது?"

ஹியூபேட் மனதுக்குள் கணக்குப் போட்டார். இத்தனை நாளும் கேட்டது என்றால் இத்தனை நாளும் ஏன் பேசவில்லை? கேட்கவில்லை என்றால் இத்தனை நாளும் எங்கே போனீர்? எந்தப் பக்கம் போனாலும் மதில்.

"படுத்து எழும்பினவர் சப்பாத்தையாவது கழட்டியிருக்கலாம்," என்றாள் பத்மாவதி, கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹியூபேட் குனிந்து பார்த்தார். சப்பாத்து காலில் இருந்தது.

"அப்ப... உமக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? நீங்கள் நித்திரை கொண்டால் குறட்டை கொச்சிக்கடைக்குக் கேக்கும். ஜன்னல் கிறீச்செண்டும், பிறகு குறட்டையைக் காணேல்லை. நீங்கள் போறது எங்களுக்கு நல்லாத் தெரியும். வாறதுதான் தெரியாது. ஒருநாள் நேரத்தோட வந்திட்டீங்கள், நேசம் பதறிப்போய்க் கடதாசியைக் கறிச்சட்டிக்குள்ள போட்டவள். அதுக்குத்தானே தலைப்பாடா அடிச்சனான், கேற் அசைஞ்சால் குரைக்கிற நாய் வேணுமெண்டு!"

நாலு பேரும் சிரித்தார்கள். கேற்றடியில் கவர்னர் கொட்டாவி விட்டது.

"அப்ப நாயை மாத்துவமோ?" என்றார் ஹியூபேட், மிகச் சின்னக் குரலில்.

"கவர்னரை நான் விடமாட்டன். நீங்கள் உங்கட பாட்டுக்கு மக்கீனிட்டப் போங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனால் திரும்பி வரேக்க ஆரோ ஒருத்தர் குரைக்கத்தான் வேணும்."

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு ஹியூபேட் பின்கேற்றடிக்கு வந்தார். ஒழுங்கையின் இந்த முனையைப் பார்த்தார், அந்த முனையைப் பார்த்தார். கவர்னர் தலையைச் சரித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு தரம் குரைத்தார்.

"கேட்டுது, கேட்டுது!" என்றது உள்ளேயிருந்து அருள்நாயகியின் குரல். "இந்த ஆட்டம் முடியேல்லை, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிண்டு குரையுங்கோ!"