பிரேம் போட்ட அனுமதிக் கடிதம்

நான் எதையும் முழுதாக வாசித்து முடிப்பவளில்லை. மருந்துப் போத்தல், பஸ் பலகை, கலியாணக் கார்ட் எல்லாமே பாதிதான். (பஸ் பலகையைப் பாதி வாசித்து எங்கே போய் இறங்கினேன் என்பதை இங்கே சொல்ல மாட்டேன்.) ஆனால் அந்தப் பழக்கம் என் மானத்தை உழவு இயந்திரத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டது ஒரேயொரு முறைதான்.

அப்போது போர் நின்றிருந்த சமாதானக் காலம், வவுனியாவுக்குப் பாதை திறந்திருந்தது. நெடுங்கேணியில் எங்கள் வீட்டுக்கு வவுனியாக் கல்லூரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. முதல் பக்கத்தின் அடியில், "இரண்டாம் வருடத்தில் தங்களுக்கு இடம் உறுதி" என்றிருந்தது. என் கெட்டித்தனத்தைப் பார்த்து, முதலாம் வருடமே வேண்டாம், நேரே இரண்டாம் வருடத்துக்கு வா என்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். (என் பெறுபேறு இரண்டு சீ, ஒரு எஸ், அதாவது மட்டுமட்டான பாஸ்.)

"என்ரை பிள்ளைக்கு முதலாம் வருஷம் தேவையில்லையாம்!" என்று அம்மா கிணற்றடியில் வைத்தே ஊருக்கு அறிவித்தா. அப்பா கடிதத்துக்குக் கண்ணாடிப் பிரேம் போட்டு, பின்னால் மட்டை வைத்து ஆணியடித்து, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். பின்பக்கத்திலும் எழுத்து இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

போகிற நாள் வந்தது. அம்மாவின் தம்பி செல்வம் மாமா தன் உழவு இயந்திரப் பெட்டியில் மெத்தை, அரிசி மூட்டை, பத்துத் தேங்காய், ஒரு கதிரை எல்லாம் ஏற்றினார். நடுவில் மடியில் அந்தக் கடிதப் பிரேமோடு நான். புளியங்குளம் தாண்டி ஓமந்தைக்கு வந்தால் இராணுவச் சோதனை. மெத்தையை அவிழ்த்து, தேங்காய்களை எண்ணி, பிரேமையும் தட்டிப் பார்த்துத்தான் விட்டார்கள்.

கல்லூரி அலுவலகத்தில் இருந்த அக்கா பிரேமைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"பிள்ளை, மற்றப் பக்கத்தில என்ன கிடக்கு?"

"மட்டை, அக்கா."

அவா கத்தரிக்கோலால் ஆணியைக் கிளப்பி, கடிதத்தைத் திருப்பி வாசித்தா. முதலாம் வருடம் புளியங்குளத்தில் உள்ள அவர்களின் நிலையத்தில் படிக்க வேண்டும். எல்லாப் பாடத்திலும் ஐம்பத்தைந்துக்கு மேல் எடுத்தால், இரண்டாம் வருடம் வவுனியாவில் இடம் உறுதி. பதிவுக்குக் கடைசி நாள் இன்றைக்கு, பின்னேரம் நாலு மணி.

"நீங்கள் ஒரு வருஷம் முந்தி வந்திட்டீங்கள்," என்றா அக்கா. "கெதியாப் போங்கோ. இண்டைக்குப் பதிஞ்சால் இந்த இடத்தை ஒருத்தரும் பறிக்கேலாது. பதியாட்டி ஒண்டுமில்லை."

நேரம் ஒரு மணி. வாசலில் நின்று ஓவென்று அழுதேன். ஐயோ, ஊருக்கு என்ன சொல்வது?

"அழுகையைப் பிறகு வச்சுக்கொள். ஏறு!" என்றார் மாமா.

ஓமந்தையில் காலையில் பார்த்த அதே சிப்பாய், தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"காலம போனது, இப்ப வாறது, ஏன்?"

"பிள்ளை ஒரு வருஷம் முந்தி வந்திட்டுதாம், ஐயா," என்றார் மாமா.

அவனுக்கு என்ன விளங்கியதோ, என் முகத்தைப் பார்த்து மெத்தையை அவிழ்க்காமலே விட்டான்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க, புளியங்குளம் நிலையத்தில் படிப்பிக்கிற சேர் ஒருவர் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார். மூச்சுவாங்க என் பெயரைச் சொன்னேன். எழுதிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

"இந்த மெத்தை ஏன்? வீடு எங்கை?"

"நெடுங்கேணி, சேர். பஸ்ஸில வந்து போகலாம்."

சிரித்த சிரிப்பில் அவருக்குத் தன் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

அந்த வருடம் படித்ததைப் போல நான் வேறெப்போதும் படிக்கவில்லை. சோதனையில் கேள்வித்தாளின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஆகக் குறைந்த புள்ளி ஐம்பத்தெட்டு. அடுத்த வருடம் அதே உழவு இயந்திரம், அதே மெத்தை. "இந்தமுறை நேரத்துக்கு வந்திருக்கிறீங்கள்," என்று அந்த அக்கா வாய்விட்டுச் சிரித்தா.

அப்பா கடிதத்தைத் திரும்பவும் பிரேம் போட்டார், இந்தமுறை பின்பக்கம் வெளியே தெரிய. அதோடு விட்டாரா? எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளையின் படத்தைக் கையில் வாங்கியவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டென்று திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப் போனார்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இன்றைக்கும் சொல்வார்: "என்னைத் திருப்பிப் பார்த்துத்தான் இந்த வீட்டில எடுத்தவை."