கடுகடு சாரின் மேல்வரிசைப் பல்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில், மனுக்கள் பரிசீலனைப் பிரிவின் கண்காணிப்பாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. நேரில் அவர் 'சார்'. முதுகு திரும்பினால் 'கடுகடு'.

முகம் அப்படி. பிறக்கும்போதே உதட்டின் இரண்டு ஓரங்களும் கீழே இறங்கியிருந்தன. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றே ஆசிரியர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ இங்க வந்து நில்லு. பேசறவன் பேரையெல்லாம் போர்டுல எழுது" என்று சாக்பீஸைக் கொடுத்தார். அதுவரை வாய் ஓயாத பையன், அன்றிலிருந்து வாய் ஓயாதவர்களைக் கண்காணிக்க ஆரம்பித்தான். பிற்பாடு மாமனார் அதே முகத்தில் பொறுப்பைக் கண்டார். வேலைக்கு எடுத்த அதிகாரிகள் அதில் இலாகாவின் எதிர்காலத்தையே கண்டார்கள். "இவரை முன்னால உக்கார வச்சா மனு கொடுக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் வாசலோட திரும்பிடுவாங்க" என்று அவர்கள் பேசிக்கொண்டது உண்மையாகவே நடந்தது. மீதிப் பாதியை அவரே திருப்பி அனுப்பினார்.

தான் கண்டிப்பான ஆள் என்பது இப்படித்தான் அவருக்குத் தெரியவந்தது, ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு.

மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டு விடைபெற்றபோது, பல் டாக்டர் முழு வரிசையாக ஒரு பல்செட் செய்து மாட்டினார். மாட்டியதும் ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"ஒரு நூல் அளவு முன்னால தள்ளி நிக்குது. பரவாயில்லை, போகப் போகப் பழகிடும்."

"பல்லு பழகுமா, வாய் பழகுமா?"

"ரெண்டுல ஒண்ணு" என்றார் டாக்டர்.

அந்த ஒரு நூல், உதட்டின் ஓரங்களை மேலே தூக்கிவிட்டது. கடுகடு சார் சிரிக்கவில்லை. ஆனால் முகம் சிரித்தது.

வீடு திரும்பும் வழியில் முன்பின் தெரியாத ஒருவர் அவரை நிறுத்தி வழி கேட்டார். அவரிடம் வழி கேட்கலாம் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. சொன்னார். சொன்னது போதாதென்று தெருமுனை வரை கூடவே போய்க் காட்டிவிட்டும் வந்தார். எதற்காகப் போனோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து, "என்னங்க, நல்ல சேதியா?" என்றாள்.

"பல்லு கட்டிட்டு வந்தேன்."

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று அவளும் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்று அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மகள் எந்த விஷயத்தையும் அம்மா மூலமாகத்தான் அப்பாவிடம் அனுப்புவது வழக்கம். அன்று நேராக எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, பேங்க் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். பஸ் ஓட்டற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். சின்ன வயசுலேருந்து ஆசை."

கூடாது என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் முகம் சம்மதம் கொடுத்துவிட்டிருந்தது. முகம் கொடுத்த வாக்கை வாய் மீறுவது கண்டிப்பான மனிதருக்கு அழகல்ல.

"சரி, திருப்பத்துல பார்த்து ஓட்டு" என்றார்.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவேளை நான் நல்லவனோ என்ற சந்தேகம் முதல்முறையாக எழுந்து அவரை வாட்டியது.

அலுவலகத்திலும் அதே கதைதான். மேஜையிலிருந்து ஒரு கஜம் தள்ளி நின்று நடுங்கும் மனுதாரர்கள், இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக் கஷ்டம் சொன்னார்கள். இவ்வளவு நம்பிக்கையோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மனுவைப் படிக்காமல் திருப்பிக் கொடுப்பது எப்படி? படித்தார். படித்துப் பார்த்தால் மறுக்க ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டார். விளைவாக, குடிநீர் இணைப்பு அலுவலகத்திலிருந்து மக்களுக்குக் குடிநீர் இணைப்பு போக ஆரம்பித்தது. இலாகா இதற்குத் தயாராக இருக்கவில்லை.

'பணி நேரத்தில், மேலிடத்தின் முன் அனுமதி பெறாமல், மகிழ்ச்சியாகத் தோற்றமளித்து, அதன்வழி பொதுமக்களிடையே நம்பிக்கையைத் தூண்டியமைக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது' என்று கேட்டு ஓலை வந்தது. இயக்குநர் நேரிலும் கூப்பிட்டார்.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"சிரிக்கலை சார். பல்லு."

"பல்லு எனக்கும்தான் இருக்கு. நான் சிரிக்கிறேனா?"

"இல்லை சார்."

"அப்போ கழட்டி வச்சுட்டு வேலையைப் பாருங்க."

"கழட்டினா பேச்சு வராது சார்."

"மனுதாரர்கிட்ட பேசணும்னு எந்த விதியில இருக்கு?"

விதி எதிலும் இல்லைதான். கடுகடு சார் தலைகுனிந்து நின்றார், சிரித்த முகமாக.

நடவடிக்கை எடுப்பதற்குள் இயக்குநருக்கு வெளியூரில் ஒரு பயிற்சி முகாம் வந்துவிட்டது. அங்கே பளபளக்கும் ஷூ போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, 'அலுவலகத்தின் முகம் அலுவலரின் முகம்' என்று பேசியிருக்கிறார். ஊரெங்கும் அதுதான் மோஸ்தராம். இயக்குநர் திரும்பி வந்தபோது 'இன்முகச் சேவைத் திட்டம்' கூடவே வந்தது. குற்றவாளியாக இருந்த கடுகடு சார் முன்மாதிரி ஆனார். அவருடைய படம் வரவேற்பறையில் மாட்டப்பட்டது. சிரிப்பு இயற்கையாக அமையாத ஊழியர்கள் அனைவரும் இலாகா செலவில் அதே பல் டாக்டரிடம் அனுப்பப்பட்டார்கள். டாக்டர் நல்ல பல்லின் மேலேயே ஒரு பூண் போட்டு, ஆளுக்கு ஒரு நூல் முன்னால் தள்ளிக் கொடுத்தார்.

அலுவலகமே சிரித்தது. ஆனால் மற்ற ஊழியர்களின் கை எழுதிப் பழகிய எழுத்து மாறவில்லை. சிரித்தபடி மனுவை வாங்கினார்கள், சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார்கள். மக்கள் ஒன்றும் மக்குகள் இல்லை. சிரிப்பைக் கண்டால் காரியம் ஆகாது என்று சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். கடுகடு சாரின் சிரிப்பையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். மறுபடியும் ஒரு கஜம் தள்ளி நின்றார்கள்.

ஒரு நாள், பச்சைப் பை வைத்திருந்த ஒரு அம்மாள் அவர் முகத்தைப் பார்த்ததும் மனுவை மேஜைமேல் போட்டாள்.

"சிரிக்காதீங்க சார். இல்லைன்னு நேராச் சொல்லிட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

"உக்காருங்கம்மா, படிச்சுப் பார்க்கிறேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்று அவள் நடையைக் கட்டினாள்.

அவள் போன பிறகு கடுகடு சார் மனுவைப் பார்த்தார். படிக்கவில்லை. அவள் பார்த்த பார்வையில் அவர் ஏற்கனவே மறுத்தாகிவிட்டது. 'நிராகரிக்கப்பட்டது' என்று கை தானாக எழுதியது. எழுதிய பிறகுதான் தன் கை என்ன எழுதியது என்று குனிந்து படித்தார்.

வீட்டிலும் மனைவி, "ஆபீஸ் சிரிப்பை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். மகள் பஸ் ஓட்டக் கிளம்பிப் போயிருந்தாள். அவள் ஒருத்திதான் பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டே பல் டாக்டரிடம் போனார்.

"டாக்டர், எனக்கு என் முகம் வேணும்."

"எது? முன்னாடி இருந்ததா, இப்ப இருக்கறதா?"

"ரெண்டும் இல்லை. நிஜமானது."

டாக்டர் பல்செட்டைக் கழற்றி ட்ரேயில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தார். கன்னம் ஒட்டி, உதடு உள்ளே மடிந்து ஒரு முகம் தெரிந்தது. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. யாராவது வந்து 'நீ இன்னார்' என்று சொன்னால் கேட்டுக்கொள்ளக் காத்திருப்பது போல் இருந்தது.

"இதுல நான் எந்த வேலையும் செய்யலை. உள்ளது இவ்வளவுதான்" என்றார் டாக்டர். "இப்படியே போறீங்களா?"

கடுகடு சார் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்போ எப்படி வேணும்னு வெளிய உக்காந்து யோசிச்சுச் சொல்லுங்க."

வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். காத்திருக்கும் அறையில் நிற்க இடமில்லை. பச்சைப் பை அம்மாள் இருந்தாள். மனு கொடுப்பவர்களுக்குப் பரிதாப முகம் இருந்தால் காரியம் நடக்கிறதாம்; ஒரு நூல் பின்னால் தள்ளிப் போட்டால் போதுமாம். இயக்குநரும் இருந்தார். அடுத்த பயிற்சி முகாமுக்கு 'உறுதியான முகம்' என்று பேசிக்கொள்கிறார்களாம். கடைசி பெஞ்சில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு?" என்று குழறினார் பொத்திய கைக்குள்ளிருந்து.

"தெருவுல எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க. நான் மட்டும் பிறந்தபடியே திரிஞ்சா நல்லாவா இருக்கு?"

டாக்டர் எட்டிப் பார்த்து, "அடுத்தது யாரு? நீங்களாம்மா? எந்த மாதிரி வேணும்?" என்றார்.

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மத்தவங்க எதைக் கேட்டிருக்காங்க?"

"அதையேதாம்மா இங்க உக்காந்திருக்கற ஒவ்வொருத்தரும் என்கிட்ட கேட்டாங்க" என்றார் டாக்டர்.