மைரெட் பேருல ஒரு கல்லு

"மேப்பு எங்க அத்தான்?"

"பறந்துடுச்சு."

டார்க்கில் அதைச் சொன்ன விதத்தைக் கேக்கணுமே, ஏதோ மேப்பே லீவு சொல்லிட்டுப் போன மாதிரி. மூடுபனின்னா அப்பிடி ஒரு மூடுபனி, நீட்டின கை தெரியல. எங்க ஹெப்ரிடீஸ் தீவுப் பக்கத்துல மத்த மலைக்காவது ஆட்டுத்தடம் இருக்கும், இதுல உச்சி வரைக்கும் அதுவும் கிடையாது. அவரு கொழுந்தியா டோலினா பின்னாடி நின்னு மூச்சு வாங்கறா. டார்க்கில் தோள்பையில ஒரு கல்லு. அவரு பொண்டாட்டி மைரெட் சமையக்கட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருந்த கல்லு.

மைரெட் பிப்ரவரியில போய்ச் சேர்ந்துட்டா. "என்னையும் ஒரு தடவை அந்த உச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு வருஷக்கணக்காக் கேட்டா. "பாதையில்லாத மலை, உனக்குக் கால் தாங்காது, அடுத்த வருஷம் பாப்போம்"னே இவரு ஓட்டிட்டாரு. கடைசி பத்து வருஷம் அவ கேக்கறதையே விட்டுட்டா. அதுதான் மனுஷனைப் போட்டு அறுக்குது. உச்சிக்கு ஏறினவங்க ஒரு கல்லு வெச்சுட்டு வரணும், அது இங்க வழக்கம். அவ பேருல ஒண்ணாவது வெச்சுடணும்னு கிளம்பிட்டாரு.

"காம்பஸ் இருக்கு, கவலைப்படாத."

பாறையெல்லாம் இரும்புத் தாது. காம்பஸ் முள்ளு தட்டாமாலை சுத்துது. அதை நம்பி நாலு அடி வெச்சாரு, முழங்கால் வரைக்கும் சேறு. காலு வந்துச்சு, பூட்ஸு வரல.

"இப்ப?"

"ஆட்டு மணி கேக்குதே, அந்த ஆட்டுக்குப் பின்னாடி போவோம். ஆட்டுக்குத் தெரியாத மேடா?"

ஒரு மணி நேரம் போனாங்க. டோலினா நின்னுட்டா.

"அத்தான், அதோ உங்க பூட்ஸு."

ஆடு தன் மேய்ச்சலைச் சுத்திட்டு அதே சேத்துக்கே வந்திருக்கு. தன் எல்லையை விட்டு அது நகராதுன்னு தீவுல பொறந்த குழந்தைக்கும் தெரியும்.

"அக்காவைக் கூட்டிட்டு வந்திருந்தா அவளாவது சொல்லியிருப்பா"ன்னா டோலினா.

டார்க்கில் பூட்ஸைப் பிடிச்சு இழுத்துப் பாத்தாரு, சேறு விடல.

"யாருப்பா என் ஆட்டை விரட்டறது?" பனிக்குள்ள இருந்து மேய்ப்பர் ஃபார்க்கர் வந்தாரு. விஷயத்தைக் கேட்டாரு. "வாங்க"ன்னு முன்னால நடந்தாரு. அரை மணியில உச்சி.

இடுப்பு உசரத்துக்குக் கல்லுக் குவியல். டார்க்கில் ஒத்தைக் கால் பூட்ஸோட அது முன்னாடி உக்காந்துட்டாரு.

"என்ன கேட்டா, தங்கமா வைரமா? ஒரு நாள் கேட்டா. அதுக்குக்கூட எனக்கு மனசு வரல. ஒரு தடவைகூட இதைப் பாக்காமலே போயிட்டாளே."

கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கல்லை எடுத்தாரு. எங்க வைக்கிறதுன்னு தெரியாம அப்பிடியே நிக்கறாரு.

ஃபார்க்கர் தொப்பியைக் கழட்டினாரு.

"மேலாப்புல வையுங்க, கீழ இருக்கறது முக்காவாசி அவங்க வெச்சதுதான், பத்து வருஷமா நீங்க மீன் பிடிக்கப் போற செவ்வாக்கிழமையெல்லாம் ஏறிடுவாங்க, உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாங்க, வழி காட்டறேன்னு கூடவே வந்துடுவீங்களாம்."