வெயில் வீணாப் போவுது, ஹில்டா!

சோலார்காரர் என்றோர் இனம் நம் நடுவே பெருகிவருகிறது. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள். இவர் வானத்தைப் பார்ப்பார், உடனே செல்போனைப் பார்ப்பார், மறுபடி வானத்தைப் பார்ப்பார், இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று சரிபார்த்த பிறகுதான் எதிரே நிற்கும் உங்களைப் பார்ப்பார். கத்திரி வெயிலில் ஊரே சுருண்டு கிடக்கும்போது நடுத்தெருவில் வியர்வை வழிய நின்றுகொண்டு, "இன்னா வெயிலு! இன்னா வெயிலு!" என்று ஒருவர் பூரித்துப்போனால், அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அவர் வீட்டு மொட்டை மாடியில் பேனல் இருக்கிறது, அது தரும் மின்சாரத்தின் கணக்கு செல்போனில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். திருவொற்றியூர், விம்கோ நகர்ப் பக்கம் குடியிருக்கும் சிலுவைமுத்து. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரேன் ஓட்டுகிறவர் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தாலும் கீழே நிற்பவர் காட்டும் சைகைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். முப்பது வருடம் கட்டுப்பட்ட ஆத்திரமோ என்னவோ, பிப்ரவரி மாதம் மாடியில் பேனல் ஏறிய நாளிலிருந்து மேலே இருப்பவர் ஆணையிட, கீழே இருப்பவர்கள் கட்டுப்பட வேண்டும் என்று சட்டத்தை மாற்றிவிட்டார். கீழே இருப்பவர்கள் இரண்டே பேர். மனைவி ஹில்டா, மகள் கரோலின்.

அந்த வீட்டின் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. காலை ஒன்பதரைக்குத் தண்ணீர் மோட்டார். பத்தரைக்கு வாஷிங் மெஷின். பதினொன்றரைக்கு கிரைண்டர். பன்னிரண்டு மணிக்கு இஸ்திரிப் பெட்டி. அதற்குப் பின் ஏசி, நான்கு மணி வரை. நான்கு மணிக்கு மேல் எதற்கும் அனுமதி இல்லை. சூரியன் சாய்ந்த பிறகு மிக்ஸியில் சட்னி அரைப்பது அந்த வீட்டில் ஏறக்குறைய பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய விஷயம்.

சட்டம் என்றால் சும்மாவா? இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது மேகம் வந்தால் மாடியிலிருந்து குரல் வரும். "மேகம்! மேகம்! ஆஃப் பண்ணு!" ஹில்டா நிறுத்திவிட வேண்டும். மேகம் விலகும் வரை சட்டை அப்படியே கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலுவைமுத்து சட்டையின் ஒரு கை மடிப்புக் கலையாமலும் மறு கை கசங்கியும் பூசைக்கு வந்து நின்றார். உச்சிவெயிலில் அரைத்த இட்லி மாவு பொழுது சாய்வதற்குள் பொங்கிப் புளித்துப் பாத்திரத்தை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிடும். "புளிச்சா இன்னா? ஃப்ரீயாப் புளிச்சுது" என்பார் சிலுவைமுத்து.

ஏன் இந்தப் பாடு என்று கேட்கிறீர்களா? நாம் செலவழிக்காத மின்சாரம் தெருக்கம்பிக்குப் போய்விடுகிறது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டு அப்பாவு பகலில் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம், கடன் கொடுத்த சைக்கிளில் இன்னொருவன் ஊர் சுற்றுவதைப் பார்ப்பதுபோல அவர் முகம் வாடிவிடும்.

"அதத்தான் பில்லுல கழிச்சிடுறாங்களே டாடி. எப்போ மெஷின் போட்டா இன்னா?" என்று கரோலின் ஒருமுறை கேட்டாள்.

"பில்லு வேற, மனசு வேற. வெயில் வீணாப் போவுது, ஹில்டா! எதுனா போடு!"

போடுவதற்கு ஒன்றும் இல்லாத நாட்களில் இரண்டு கைக்குட்டைகளுக்காக வாஷிங் மெஷின் ஓடியிருக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பேனல் போட்டவர், மிச்சமான மின்சாரத்தைத் தீர்ப்பதற்காக ஒரு மின் அடுப்பும் ஒரு ஏர் ஃப்ரையரும் கூடுதலாக ஒரு ஏசியும் வாங்கினார். இதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றுகிறதா? நல்லது.

பேனலைத் துடைப்பது தனிச் சடங்கு. எங்கள் வட்டாரத்துக் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வெறுங்கையோடு வராது. வடக்கிலிருந்து வந்தால் அனல்மின் நிலையத்துக் கரித்தூள், தெற்கிலிருந்து வந்தால் கன்டெய்னர் லாரிப் புழுதி, கிழக்கிலிருந்து வந்தால் உப்பு. தினமும் விடியற்காலையில் மாப்புக் கட்டையோடு மாடி ஏறி, பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியிராத பக்குவத்தில் ஒவ்வொரு பேனலாகக் குளிப்பாட்டுவார். "அது இன்னா, நம்ம மாடியாப் பாத்து வுழுது? எல்லாம் தொழில் போட்டி" என்று கரித்தூளைக் காட்டி முணுமுணுப்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான். கரோலின் கல்யாணப் பேச்சு வரும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கரோலினும் ராயபுரத்துப் பையன் சாவியோவும் ஒரே சரக்குப் பெட்டக நிறுவனத்தில் வேலை பார்க்கிறார்கள். நான்கு வருடப் பழக்கம். சாவியோவின் அம்மா ஞானசெல்விக்கு இதில் அரை மனசுதான். மகன் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, "ஒரே ஒரு தபா வந்து பாக்கறேன். எனக்குப் புடிக்கலன்னா அத்தோட வுட்ரணும்" என்று ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முறை. இதைக் கரோலின் தன் அப்பாவிடம் மூன்று தடவை சொன்னாள். ஞாயிறு சாயங்காலம் வரச்சொல்லலாம் என்றும் சொன்னாள்.

சாயங்காலமா? சூரியன் இறங்கிய பிறகா? வீட்டில் ஒன்றும் ஓடாத நேரத்தில் சம்பந்தி வந்து எதைப் பார்ப்பது? சிலுவைமுத்து செய்தித்தாளைப் புரட்டினார். பராமரிப்புப் பணிக்காகச் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை எங்கள் பகுதியில் மின்தடை என்று போட்டிருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வரச்சொல்லு. தெருவே கரண்ட் இல்லாம வெந்துகினு கெடக்கும். நம்ம வூட்ல மட்டும் ஏசி ஜில்லுன்னு ஓடிகினு இருக்கும். அந்தம்மா அப்படியே அசந்துபோய் 'எப்போ கல்யாணம்'னு கேக்கும் பாரு!"

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அது என்னவென்று பேனல் பொருத்த வந்த பொறியாளர் அன்றைக்கே சொல்ல வாயெடுத்தார். ஆனால் அப்போது சிலுவைமுத்து அவருக்குச் சூரிய மின்சாரம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பகலில் ஒரு முறையும் மின்சாரம் போகவில்லை.

சனிக்கிழமை வந்தது. ஜில்லென்ற காற்று தப்பிவிடக் கூடாது என்று எல்லா ஜன்னல்களின் இடுக்கிலும் பிளாஸ்டர் ஒட்டி, மூன்று ஏசிகளையும் ஓடவிட்டு, கூடத்தின் நடுவில் உட்கார்ந்தார் சிலுவைமுத்து. ஒன்பது மணி ஆயிற்று. மின்சாரம் போகவில்லை. பத்தாயிற்று. போகவில்லை. சென்னை மாநகரில் மின்தடைக்காகக் கடிகாரத்தைப் பார்த்துத் தவித்த ஒரே மனிதர் அன்று அவராகத்தான் இருப்பார். பதினோரு மணிக்குப் பொறுக்க முடியாமல் தெரிந்த லைன்மேன் வெற்றிக்கு போன் போட்டார்.

"இன்னாப்பா, இன்னும் கட் பண்ணாம கீற?"

"பக்கத்து ஏரியா வேலை முடிய லேட்டாச்சுண்ணே. பன்னெண்டுக்கு மேல ஆவும்" என்றார் வெற்றி. "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல, ஏன் கட் பண்ணலன்னு போன் பண்ணவன் நீ ஒருத்தன்தான்ணே."

பன்னிரண்டு மணிக்குச் சாவியோவும் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். ஆட்டோவில் வந்த வெயிலுக்கு அந்தக் குளிர்ச்சி ஞானசெல்விக்கு இதமாகவே இருந்தது. நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். உள்ளே ஹில்டா மிக்ஸியில் மாதுளை ஜூஸ் அடித்துக்கொண்டிருந்தாள். கரோலின் முகத்தில் ஒரு நம்பிக்கை எட்டிப்பார்த்தது. அப்படியே விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். விடுவாரா?

"இப்போ பாருங்க சம்பந்தி. இன்னும் அஞ்சு நிமிஷத்துல தெரு பூரா கரண்ட் புடுங்கிடுவான். நம்ம வூட்ல மட்டும்…"

புடுங்கினார்கள். தெரு பூராவும் நின்றது. சிலுவைமுத்து வீட்டிலும் நின்றது. மூன்று ஏசிகளும், ஃபேனும், ஃப்ரிட்ஜும், பாதி அரைபட்ட மாதுளையோடு மிக்ஸியும்.

"ஒரு நிமிஷம்" என்றார் சிலுவைமுத்து. மாடிக்கு ஓடினார். பேனல்கள் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தன. சூரியன் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. இன்வெர்ட்டர் மட்டும் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு கம்மென்று இருந்தது. மறுபடி வெற்றிக்கு போன்.

"தெருவுல கரண்ட் நின்னா உன் சோலாரும் தானா நின்னுடும்ணே. நான் இப்போ கம்பத்து மேல கீறேன். உன் மாடிலேர்ந்து கரண்ட் வந்தா நான் இன்னா ஆவறது? வையிண்ணே போனை!"

வெற்றி கம்பத்தில் இருக்கட்டும். கீழே கூடத்தில் என்ன நடந்தது? பிளாஸ்டர் ஒட்டிய வீடு பத்து நிமிடத்தில் இட்லிப் பானையாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்காக, "மேல போய் இன்னான்னு பாக்கறேன்" என்று நழுவினார். சாவியோ ஒரு காலண்டரை எடுத்து அம்மாவுக்கு விசிறினான். ஞானசெல்வி முந்தானையால் கழுத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார், பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கெளம்பலாம்டா. மூச்சு முட்டுது."

நான்கு வருடம் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடும் போலிருந்தது. அரை டம்ளர் ஜூஸைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்ற கரோலினின் கண்கள் நிறைந்துவிட்டன. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் சிலுவைமுத்து என் கையில் கிடைத்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

ஹில்டா சமையலறையிலிருந்து வந்தாள். நேரே ஜன்னலுக்குப் போய்ப் பிளாஸ்டரைச் சர்ரென்று கிழித்துத் திறந்தாள். அடுத்த ஜன்னல். அதற்கடுத்தது. கடல் காற்று மடமடவென்று உள்ளே வந்தது. பிறகு மாடிப் பக்கம் முகத்தைத் திருப்பி, "யோவ்! நீ அங்கியே இரு! எறங்கி வந்தேன்னா பாத்துக்கோ!" என்று கத்திவிட்டு, ஞானசெல்வியின் எதிரே தரையில் உட்கார்ந்து, பிப்ரவரியிலிருந்து பட்ட பாட்டை ஒன்று விடாமல் கொட்டினாள். கசங்கிய கையோடு பூசைக்குப் போனது, ஓடிப்போன மாவு, இரண்டு கைக்குட்டை, எல்லாம்.

"ஒரு சட்னி அரைக்க ஆகாயத்தைப் பாக்கறேன்க்கா. இந்தப் பேஜாரு யாருக்குப் புரியும்?"

ஞானசெல்வி கைப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்குப் புரியும்" என்றார். "எங்க வூட்ல ஏசி வாங்கி மூணு வருஷமாச்சு. தேஞ்சிடும்னு எங்க வூட்டுக்காரரு கவர் போட்டு வச்சிகீறாரு. அதையும் நான்தான் மாசாமாசம் தோய்க்கறேன்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஞானசெல்விதான் முதலில் சிரித்தார். பிறகு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என்ன நடக்கிறதென்று புரியாமல் விழித்த சாவியோ காலண்டரால் இருவருக்கும் சேர்த்து விசிறினான்.

"உனக்கு இன்னா வேணும், சொல்லும்மா" என்று ஞானசெல்வி கரோலினைக் கேட்டார்.

"ஒண்ணுமே வேணாம் ஆன்ட்டி. ராத்திரி எட்டு மணிக்கு நான் வாஷிங் மெஷின் போட்டா யாரும் ஏன்னு கேக்கக் கூடாது."

"நானே போட்டுத் தரேன்" என்றான் சாவியோ. அவன் அன்று பேசிய ஒரே வாக்கியம் அது. போதுமானதாகவும் இருந்தது.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. மாடியிலிருந்து சிலுவைமுத்துவின் உற்சாகக் குரல் கேட்டது. "வந்துடுச்சு! ஏறுது! ஹில்டா, எதுனா போடு!" இரண்டு அப்பாக்களும் கருவாடுபோலக் காய்ந்து இறங்கி வந்தார்கள். கூடத்தில் மாதுளை ஜூஸ் காலியாகி, கல்யாணம் பேசி முடிந்திருந்தது.

"ஆகஸ்ட் மாசம்" என்றாள் ஹில்டா. "கோயில்ல சாயங்காலம் ஆறரை மணிக்கு. ரிசப்ஷன் எட்டரைக்கு. நம்ம வூட்டு வாசல்ல மூணு நாளு விடிய விடிய சீரியல் லைட்டு. பொண்ணு ஆசைப்படுது."

சிலுவைமுத்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார். "ஆறரையா? விடிய விடியவா? அந்நேரத்துல சூரியனே இருக்காதே, ஹில்டா…"

"ஆமா" என்றாள் ஹில்டா. "அதுக்குத்தான்."

சோலார்காரர் என்ற இனத்தின் வரலாறு இவ்வளவுதான். சிரித்தீர்களா? நல்லது, சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு தூரம் படித்தும் சிலுவைமுத்து வீட்டு மாடியில் எத்தனை கிலோவாட் என்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அது உங்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்ததா? கரோலின் கண் கலங்கி நின்றபோது, "ஒரு பேட்டரி வைத்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காதே" என்று உங்கள் மனசு ஓடியதா? அப்படியானால் உங்கள் வீட்டுப் பெண்கள் இன்னும் பிளாஸ்டரைக் கிழித்து எந்த ஜன்னலையும் திறக்கவில்லை என்பது அவர்களுடைய பெருந்தன்மை. முதலில் கீழே இறங்கி வாருங்கள்.