வாய் படாத குழாய்

சாடியில் வைன் குறைந்திருந்தது. வரதராஜா அடிமட்டத்தைச் சாடியோடு ஒட்டிப் பிடித்து இரண்டு தடவை பார்த்தான். நேற்று ஒட்டிய நாடாவுக்கு அரை அங்குலம் கீழே. சலவையறைத் தரையைத் தடவினான். உலர்ந்திருந்தது. குறிப்புப் புத்தகத்தில் எழுதினான்: ‘அரை அங்குலம் குறைவு. ஒழுக்கு இல்லை. அல்லது என் கண் பிழை.’

அது 1975 மே மாதம், அந்த வெள்ளைக்கார நாட்டில் குளிர் தொடங்கும் காலம். கிளேட்டனில் அவன் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்வளவில் ஒரு பிளம்ஸ் மரம் நின்றது. கோடையில் பழங்கள் விழுந்து அழுகுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வைன் செய்யும் மாலை வகுப்பில் சேர்ந்தான்.

வைன் தெளிந்ததும், அடியில் தங்கிய மண்டி கலங்காமல் அதைக் குழாயால் இறக்க வேண்டும். ஆசிரியர் கென் குழாயின் ஒரு நுனியைச் சாடிக்குள் விட்டு, மறு நுனியை வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டினார். பிறகு குழாயை அடுத்தவரிடம் நீட்டினார். எட்டு வாய் மாறி அது வரதராஜாவிடம் வந்தது.

அவன் வாங்கவில்லை. எச்சில் என்பதற்கு அவனுக்கு ஆங்கிலம் வரவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீரைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிப்போம் என்று விளக்கினான். கென்னும் வகுப்பும் சிரித்தார்கள். வாய் வைக்க மனமில்லாதவர்களுக்குக் கடையில் பம்பு இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கூட என்றார் கென்.

வரதராஜா எழுந்து நின்றான். கடைப் பம்பு வேண்டாம், வீட்டில் கிடக்கும் சாமானில் தானே செய்வேன் என்றான். கடைசி வகுப்பன்று ஒரு வாயும் படாத வைன் எல்லாருடைய கிளாசுக்கும் வரும். வராவிட்டால் எல்லார் முன்னிலையிலும் தானே உறிஞ்சுவேன் என்றும் சொன்னான்.  சொன்னது சொன்னதுதான்.

வீட்டிலும் ஒரு சபதம் இருந்தது. மனைவி பவளத்தின் சின்னம்மா இரஞ்சிதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம். வந்த அன்றே சலவையறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“தம்பி, இந்த வீட்டில நான் இருக்கும் வரைக்கும் உந்தப் போத்தலையும் தொடமாட்டன், உந்தக் கிளாசையும் தொடமாட்டன். சிவன் மேல ஆணை.”

“உங்களை ஆர் மாமி தொடச் சொன்னது?” என்றான் வரதராஜா.

முதல் கருவிக்கு மீன்தொட்டிக் கடையில் ஒரு மெல்லிய குழாய் வாங்கினான். கொதித்து ஆறிய நீரை அதில் நிரப்பி, நுனியில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பை மாட்டி, சாடிக்குள் இறக்கினான். கிளிப்பைத் திறந்ததும் நீர் முன்னால் ஓட, பின்னால் வைன் வந்தது. கிளிப் ஒரு நாள் முழுக்கத் தாங்குமா என்று பார்க்க, அதை மறுபடி மாட்டிக் குழாயை அப்படியே விட்டான். மறுநாள்தான் அந்த அரை அங்குலம்.

கிளிப் இறுக்கம் போதாது என்று தீர்மானித்து, திருகுப் பிடி ஒன்றைப் பொருத்தினான். குழாய் மடிந்து வெடித்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் இன்னும் நீளமானதாக மாற்றி, நுனியை மூலையில் உட்காரப் போட்டிருந்த கதிரையின் உயரத்துக்குத் தொங்கவிட்டான். மறுநாள் ஒரு அங்குலம் குறைந்தது.

திருகைக் கழற்றிவிட்டுப் பழைய தேநீர்க் கொதிகலன் ஒன்றின் சின்னப் பித்தளை வால்வைக் குழாய் நுனியில் பூட்டினான். ஒரு விரலால் திறக்கலாம், ஒரு விரலால் பூட்டலாம். அவன் செய்ததிலேயே அழகான வேலை. இரண்டு அங்குலம் குறைந்தது.

புது அடிமட்டம் வாங்கினான். அதுவும் இரண்டு அங்குலம் என்றே சொன்னது.

வேலையிடத்து நண்பன் நாகராஜன் மதுரைக்காரன். இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: “ஒரே ஒரு தடவை உறிஞ்சிட்டுப் போயேன்பா. யாரு பாக்கப் போறா?”

“நான் பார்ப்பன்,” என்றான் வரதராஜா.

பவளத்துக்கு வைனைப் பற்றிக் கவலை இல்லை. குளிர் தொடங்கியதிலிருந்து முழங்கால் உளைவு என்று கட்டிலை விட்டு எழும்பாத சின்னம்மா, இப்போது தானாகவே தினமும் சலவையறைக்குப் போய் உடுப்புத் தோய்க்கிறாரே என்பதில் அவளுக்குப் பெரிய நிம்மதி. துவைத்து மடித்த துவாயைக்கூட மறுபடி எடுத்துத் தோய்த்தார். மத்தியானத்தில் தேவாரம் பாடினார், பிறகு நன்றாக நித்திரை கொண்டார்.

கடைசி வகுப்புக்கு ஒரு வாரமே இருந்தது. சாடியில் பாதிக்கும் கீழேதான் மிச்சம். இப்படியே போனால் இறக்குவதற்கு வைனே இராது. வரதராஜா புத்தகத்தை முதலிலிருந்து படித்து, கடைசியில் ஒரு வரி எழுதினான்: ‘குழாயில் வைன் நின்றால்தானே ஒழுகும்? குழாய் வெறுமையாக நிற்க வேண்டும்.’

ரப்பர் தக்கை ஒன்றில் இரண்டு துளை போட்டான். ஒன்றில் நீளக் குழாய், மற்றதில் குட்டைக் குழாய். குட்டைக் குழாயின் முனையில், பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் போத்தலைக் கழுவிக் காற்றுப் புகாமல் இறுக்கினான். போத்தலை அமத்தினால் காற்று உள்ளே போய் வைனை மேலே தள்ளும். அமத்தாவிட்டால் ஒரு சொட்டும் அசையாது.

முதல் நாள் நாடா அசையவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. ஆறாம் நாள் புத்தகத்தில் ‘குறைவு இல்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டான். அந்த வாரம் சின்னம்மாவுக்கு முழங்கால் உளைவு திரும்பி வந்துவிட்டது. உடுப்பு மலையாகக் குவிந்தது.

சாடியைத் தூக்கினால் மண்டி கலங்கும் என்பதால், கடைசி வகுப்பைச் சனிக்கிழமை பின்னேரம் அவன் வீட்டிலேயே வைத்தார்கள். கென்னும் எட்டு மாணவர்களும் சலவையறையில் நெருக்கியடித்து நின்றார்கள். நாகராஜனும் வந்திருந்தான்.

வரதராஜா கையைக் கழுவினான். போத்தலை ஒருமுறை அமத்தினான். சிவப்பாக எழுந்த வைன் வளைவைத் தாண்டி இறங்கியது. அவன் உடனே போத்தலைக் கழற்றிக் காற்றுக்கு வழிவிட்டான். வைன் தானே ஓடத் தொடங்கியது. ஒன்பது கிளாசும் நிறைந்தன, பத்தாவது நாகராஜனுக்கு.

கென் முகர்ந்தார், குடித்தார், மீதியையும் குடித்தார். கடைப் பம்பு இவ்வளவு சுத்தமாக இறக்காது, தான் அன்று சிரித்தது பிழை என்றார். தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சாடியில் ஒரு மனிதரின் எச்சிலும் பட்டதில்லை என்று வரதராஜா தலை நிமிர்ந்து அறிவித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நாகராஜன் தன் கிளாசை உயர்த்தினான்.

அப்போது கடலை வடைத் தட்டோடு சின்னம்மா உள்ளே வந்தார். தட்டைச் சலவை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, வெள்ளைக்காரருக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவில், முழங்காலைத் தடவியபடி வரதராஜாவைப் பார்த்தார்.

“சொன்ன சொல் நான் தவறேல்லை தம்பி. போத்தலும் தொடேல்லை, கிளாசும் தொடேல்லை.”

“தெரியும் மாமி,” என்றான் அவன் பெருமையோடு.

“அப்ப, இவையள் போனதும் அந்தப் பழைய குழாயைத் திரும்பப் போட்டுவிடுங்கோ. இதில எவ்வளவு உறிஞ்சினாலும் ஒண்டும் வருகுதில்லை.”