கேக் அடுப்பில் வெந்த சைலன்சர்

காக்ஸ் டவுன்,
பெங்களூரு.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் அவர்களுக்கு,

செல்வின் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களாவது சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் உங்கள் தங்கை சாந்தகுமாரி காதில் விழும், வாட்ஸாப்பை எனக்கு முன்னால் அவள்தான் பார்ப்பாள், அதனால்தான் கூரியர்.

வருகிற சனிக்கிழமை உங்கள் புல்லட்டை எடுத்துப் போக வருகிறீர்கள் அல்லவா, வினை அங்கேதான் ஆரம்பம். என்னை நம்பி விட்டுப் போன வண்டியின் சைலன்சர் இந்த ஊர் மழையில் துருப்பிடித்துவிட்டது. நீங்கள் பார்த்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் அதைக் கழற்றி, எமரி பேப்பரால் தேய்த்து, சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட் அடித்தேன். அருமையாக வந்தது. ஆனால் நன்றாகச் சூடேற்றினால்தான் இறுகும், இல்லையென்றால் உரிந்துவிடும் என்று டப்பாவில் போட்டிருந்தான். இன்ஜினை ஓட்டிச் சூடேற்றலாம் என்றால் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை (அதை நேரில் பேசிக்கொள்வோம்). அன்றைக்கென்று பார்த்து சாந்தகுமாரி கேக் மாவை டின்களில் ஊற்றி, "லாயிட் பேக்கரியில பேக் பண்ணி வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினாள். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் தெருவுக்கே அந்த விறகடுப்புதான். எதற்கும் இருக்கட்டும் என்று சைலன்சரையும் சாக்கில் சுற்றிக்கொண்டு போனேன். லாயிட்டோ, "அங்கிள், கொயர் ப்ராக்டிஸுக்கு லேட் ஆயிடுச்சு, அடுப்பைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று ஓடிவிட்டான். மச்சான், அப்படி ஒரு சூடு, பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. எல்லார் கேக்குக்கும் பின்னால் சைலன்சரைத் தள்ளிவிட்டேன்.

சைலன்சர் பிரமாதமாக வெந்தது. தெரு முழுக்கக் கேக்கில் பெயின்ட் வாடை. எதிர்வீட்டுக் கன்னடப் பெண் சஹானா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏனு ஆன்ட்டி இது, பெட்ரோல் பங்க்ல நிக்கிற மாதிரி இருக்கு!" என்றாள். பழம் ஊறவைத்ததில்தான் தப்பு என்று சாந்தகுமாரி அழுதாள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தேன். இப்போது, பெயின்ட் அடித்த பழைய கதவை உடைத்து லாயிட் அடுப்பில் எரித்துவிட்டான் என்று பேச்சு. இனி அவனிடம் கேக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யச் சனிக்கிழமை சர்ச் ஹாலில் கூட்டம். வேண்டாம் என்றால் அவன் கடையை மூட வேண்டியதுதான். காலிங் பெல் அடித்தால் போதும், நான் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன்.

ஆகையால் மச்சான், கூட்டத்தில் நீங்கள் எழுந்து, "நான்தான் வெக்கச் சொன்னேன், செல்வின் எவ்வளவோ வேணாம்னார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வண்டி உங்களுடையது, சைலன்சர் உங்களுடையது, யோசித்துப் பார்த்தால் தப்பிலும் முக்கால்வாசி உங்களுடையதுதான். நீங்கள் வேலூர் போய்விடுவீர்கள். நான் இந்தத் தெருவில் இருந்தாக வேண்டும்.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உங்களுக்குத் தைரியம் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் (இன்றுவரை),
செல்வின் ஞானமணி

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் சாந்தகுமாரி காபியோடு வந்து உட்கார்ந்தாள். அடுப்புத் தரையில் சைலன்சர் நீளத்துக்குக் கறுப்புத் தடம் இருந்ததை லாயிட் அன்றைக்கே பார்த்துவிட்டானாம். தெருவில் புதிதாக மின்னும் சைலன்சர் ஒன்றே ஒன்றுதானாம். பழைய கதவு, கூட்டம், எல்லாமே எனக்காகப் போட்ட நாடகமாம். "நீங்களா வாயைத் தொறக்கறீங்களான்னு பாக்கத்தான். சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆகவே நீங்கள் பழி ஏற்க வேண்டாம். என் பக்கத்து நாற்காலியில் மட்டும் உட்காருங்கள், எழுந்து உண்மையைச் சொல்லும்போது பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு தோள் வேண்டும்.